பல்லைப் போனில் பார்த்து என்ன செய்ய முடியும்? தொலைவழிப் பல் ஆலோசனையும் எட்டாக் கிராமக் குழந்தைகளும்

பெங்களூரில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகள் பல இருக்கின்றன. கிளினிக் இல்லாத கடைவீதியே கிடையாது. அதே கர்நாடகத்தின் தெற்கு ஓரத்தில், சாம்ராஜ்நகர் மாவட்டத்து மலைகளிலும், கோபிநத்தம் போன்ற தமிழ் பேசும் காட்டோரக் கிராமங்களிலும் நிலைமையே வேறு. அரசு அமைப்பில் பல் மருத்துவர் வழக்கமாக உட்காரும் இடம் சமுதாய சுகாதார நிலையம். மலை, பழங்குடிப் பகுதிகளில் 80,000 பேருக்கு ஒன்று என்பது அதற்கான அளவுகோல். காகிதத்தில் அப்படி இருந்தாலும், அந்த இடத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும்.

இந்த இடைவெளியைத் தொலைவழி ஆலோசனை நிரப்பும் என்று அவ்வப்போது அறிவிப்புகள் வருகின்றன. படிப்பவர்கள் இரண்டு விதமாகக் குழம்புகிறார்கள். "பல்லைத் தொடாமல் என்ன வைத்தியம்?" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். "இனி கவலையில்லை, டாக்டர் போனிலேயே வந்துவிடுவார்" என்று இன்னொரு பக்கம் நினைக்கிறார்கள். இரண்டுமே பாதிதான் சரி. திரையில் தெரியும் மருத்துவரைவிட, குழந்தையின் பக்கத்தில் இருப்பவரின் கைக்கு என்ன பயிற்சி, என்ன மருந்து, என்ன அனுமதி இருக்கிறது என்பதே இந்த முறையின் பயனைத் தீர்மானிக்கிறது. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு கவலை ஏன்?

"பால் பல்தானே, எப்படியும் விழத்தான் போகிறது" என்பது பெங்களூரிலும் கேட்கும் பேச்சு, மலையிலும் கேட்கும் பேச்சு. முன்பல்லைப் பொறுத்தவரை அது ஓரளவு பொருந்தும், ஆறேழு வயதில் விழ ஆரம்பித்துவிடும். பால் கடைவாய்ப் பற்கள் அப்படியில்லை. இரண்டு வயதை ஒட்டி முளைத்து 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. சொத்தையால் அவற்றை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு வர வழியிருக்காது. பால் பல்லின் எனாமல் மெல்லியது. அதனால் சொத்தை நரம்பை எட்ட அதிக நாள் ஆவதில்லை.

பெற்றோர் பலரும் கவனிக்காத விஷயம் இன்னொன்று உண்டு. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு பல் முளைக்கும். அதுவும் பால் பல்தான் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது ஆயுசு முழுக்க இருக்க வேண்டிய முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். அது சொத்தையானால் வேறு முளைக்காது.

பால் பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகம் முழுவதும் சுமார் 51.4 கோடி என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. இந்தியாவில் 2002-03இல் நடந்த தேசிய வாய் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. வலியில் சரியாகச் சாப்பிடாமல், ராத்திரி தூங்காமல், பள்ளிக்கூடத்தில் கவனமில்லாமல் இருக்கும் குழந்தையை வீட்டில் "அடம் பிடிக்கிறது" என்று திட்டுவார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு வலிக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாது.

தொலைவழி ஆலோசனை என்றால் எது?

இதில் இரண்டு வகை உண்டு.

1. நேரலை: மருத்துவரும் குழந்தையும் ஒரே நேரத்தில் வீடியோவில் இருப்பது.
2. சேமித்து அனுப்புவது: சுகாதாரப் பணியாளர் படங்களும் விவரங்களும் எடுத்து அனுப்புவார். மருத்துவர் பிறகு பார்த்துப் பதில் எழுதுவார்.

செய்திகளில் வருவது பெரும்பாலும் முதல் வகை, பார்க்கவும் அழகாக இருக்கும். மலைக் கிராமத்துக் குழந்தைக்கு உதவுவது இரண்டாவதுதான் என்பது என் கருத்து. அசையும் வீடியோவில் சொத்தையின் தொடக்கமான ஈறோரத்து வெள்ளைக் கோடு தெரியாது, சிக்னல் விட்டுவிட்டு வரும்போது கேட்கவே வேண்டாம். நிலைப்படம் அப்படியில்லை. டவர் கிடைக்கும் இடத்துக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம். மருத்துவரும் படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்க்கலாம். வலி, வீக்கம் இருக்கும் குழந்தைக்கு மட்டும் நேரலை வைத்துக்கொண்டால் போதும்.

தொலைமருத்துவம் இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. 2002லேயே இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகச் சாம்ராஜ்நகர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து பெங்களூர் நாராயண ஹிருதயாலயாவின் இதய மருத்துவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். இன்று மத்திய அரசின் இ-சஞ்சீவனி தளத்தில் கிராமத்து நலவாழ்வு மையப் பணியாளர் தூரத்து மருத்துவரை அழைக்க முடியும். 2019இல் மருத்துவருக்கு மருத்துவர் என்ற வடிவில் தொடங்கி, 2020 ஏப்ரலில் நோயாளிகள் நேரடியாக அழைக்கும் வசதியும் வந்தது. கருவியும் இணைப்பும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. பல்லுக்கான தடை வேறு இடத்தில் இருக்கிறது.

படம் எடுப்பதே பாதி வேலை

ஒரு குழந்தையின் வாய்க்கு ஐந்து படங்கள் வேண்டும்: பல்லைக் கடித்தபடி முன்பக்கம், வலது, இடது, வாயைத் திறந்து மேல் வரிசை, கீழ் வரிசை. பெரியவர்கள் சொன்னால் வாய் திறப்பார்கள். இரண்டு வயதுக் குழந்தை திறக்காது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. நர்ஸும் அம்மாவும் எதிரெதிரே முழங்கால் முட்ட உட்கார வேண்டும். குழந்தை அம்மாவைப் பார்த்தபடி அவர் மடியில் உட்காரும். பிறகு மெல்லப் பின்னால் சாய்த்தால் தலை நர்ஸின் மடிக்கு வரும். கையை அம்மா பிடித்துக்கொள்வார், குழந்தைக்கும் அம்மா முகம் தெரிந்துகொண்டே இருக்கும். அழுதாலும் பரவாயில்லை, அழும்போது வாய் நன்றாகத் திறக்கும். மூன்றாவது ஆள் படம் எடுப்பார்.

பல்லைப் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எச்சில் பளபளப்பில் ஃபிளாஷ் பட்டால் ஆரம்பச் சொத்தை மறைந்துவிடும். மேலுதட்டைத் தூக்கி முன்பற்களின் ஈறோரத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும். ராத்திரி பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைகளுக்குச் சொத்தை பெரும்பாலும் அங்கேதான் வெள்ளைக் கோடாகத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் துளைபோட வேண்டியதே இல்லை.

படத்தோடு பதில்களும் போக வேண்டும். குளிர்ந்ததைக் குடித்தால் மட்டும் கூசுகிறதா, சட்டென்று நின்றுவிடுகிறதா? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு விண்விண்ணென்று தெறிக்கிறதா? முதலாவது பல்லைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருப்பதைக் காட்டுகிறது. இரண்டாவது சொத்தை நரம்பை எட்டிவிட்டது என்பதற்கு அறிகுறி. இதை அம்மா தன் மொழியில்தான் சரியாகச் சொல்வார். கோபிநத்தத்துத் தாய் தமிழில் சொல்வதைக் கன்னட நர்ஸ் அரைகுறையாகப் புரிந்து எழுதினால் முடிவே மாறிவிடும். தமிழும் கன்னடமும் தெரிந்த பல் மருத்துவர்கள் பெங்களூரில் நிறையப் பேர். இந்த நகரம் எளிதாகக் கொடுக்கக்கூடிய உதவி அது, ஆனால் திட்ட அறிக்கைகளில் மொழிக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

படம் காட்டாதவை

இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டும் இடத்தில் வரும் சொத்தை படத்தில் தெரியாது, எக்ஸ்ரே வேண்டும். பல் ஆடுகிறதா, தட்டினால் வலிக்கிறதா என்பதும் தெரியாது. "படத்தில் ஒன்றுமில்லை" என்ற பதிலை "பல்லில் ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, கோலார், துமகூரு பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் வந்தது. இந்தத் தண்ணீரைச் சிறுவயதிலிருந்து குடித்த குழந்தையின் நிலைப்பற்களில் சுண்ணாம்பு வெள்ளையாகவும் பழுப்பாகவும் கறை இருக்கும். மங்கலான படத்தில் அதுவும் சொத்தையும் ஒன்றுபோலத் தெரியும். எந்தத் தண்ணீர், போர்வெல்லா ஆற்று நீரா என்று கேட்காத மருத்துவர் தவறாக எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. கறை பொதுவாக வலது, இடது இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பரவியிருக்கும், சொத்தை அப்படி இருக்காது. ஐந்து படமும் வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஊரிலேயே செய்யக்கூடிய வைத்தியம்

தொடாமல் என்ன வைத்தியம் என்ற கேள்விக்கு இனித்தான் பதில்.

சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது, 38 சதவீத வலுவில் வருவது. பல்லைத் துடைத்து, உதட்டில் வாசலின் தடவி, ஈரமில்லாமல் வைத்து, சிறு பிரஷ்ஷால் சொத்தையின் மேல் ஒரு நிமிடம் தடவினால் போதும். ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம், கரண்ட் வேண்டாம். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடு பல்லைக் கெட்டியாக்கும். பால் பற்களில் தடவிய சொத்தைகளில் சுமார் 80 சதவீதம் பரவாமல் நின்றுவிடுவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தடவினால் பலன் கூடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஃப்ளோரைடு பற்பசையும், கையாலேயே அடைக்கக்கூடிய கிளாஸ் அயனமர் சிமென்ட்டும் அதே ஆண்டு பட்டியலில் ஏறின. இந்த மூன்றையும் ஒரு சின்னப் பெட்டியில் எடுத்துக்கொண்டு மலையேறிவிடலாம்.

இதில் மறைக்கக் கூடாத விஷயம் ஒன்று: தடவிய சொத்தை கரி மாதிரிக் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு போகாது. முன்பல்லில் தடவினால் சிரிக்கும்போதெல்லாம் தெரியும். இதைச் சொல்லாமல் தடவிவிட்டால் அடுத்த வாரம் ஊரே "மருந்து போட்டுப் பல்லைக் கெடுத்துவிட்டார்கள்" என்று பேசும். அந்தப் பேச்சு முழு நியாயம். அதற்குப் பிறகு ஒரு குழந்தையும் வராது. தடவிய பல்லின் படத்தைப் பெற்றோரிடம் முன்கூட்டியே காட்டி, அவர்கள் மொழியில் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே பிரஷ்ஷை எடுக்க வேண்டும். வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும், நரம்பைத் தொட்டுவிட்ட பல்லுக்கும் இது கூடாது. எந்தப் பல் அப்படிப்பட்டது என்று முடிவு செய்யத்தான் பெங்களூர் மருத்துவர் தேவை. அவர் முடிவு செய்வார், பக்கத்தில் இருப்பவர் தடவுவார்.

யார் கை?

இங்கேதான் விஷயம் தடுக்கி நிற்கிறது.

கலிஃபோர்னியாவில் பசிபிக் பல்கலைக்கழகம் 2010 வாக்கில் ஒரு முறையை ஆரம்பித்தது. பல் சுகாதாரப் பணியாளர்கள் பள்ளிகளுக்குப் போய் படமும் எக்ஸ்ரேயும் எடுத்து அனுப்பினார்கள். மருத்துவர் வேறொரு ஊரிலிருந்து பார்த்து எழுதினார். அவர் சொன்னபடி அந்தப் பணியாளரே தற்காலிக அடைப்பு வைத்தார். பெரும்பாலான குழந்தைகள் கிளினிக்குக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. 2014இல் அந்த மாநிலம் சட்டம் போட்டு இந்த வேலைக்கு அனுமதியும் கட்டணமும் கொடுத்தது. சட்டமும் காசும் வந்த பிறகுதான் அது பரவியது. அலாஸ்காவில் ரோடே இல்லாத பழங்குடிக் கிராமங்களில், அந்தச் சமூகத்து இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பல் சிகிச்சைப் பணியாளர்களாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் அடைக்கிறார்கள், பிடுங்குகிறார்கள். சந்தேகம் வந்தால் தூரத்து மருத்துவரைக் கேட்கிறார்கள்.

நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை போகின்றன. பார்க்க வேண்டிய கோளாறுகளில் பல் சொத்தையும் உண்டு. நலவாழ்வு மையங்களின் சேவைப் பட்டியலிலும் வாய் நலம் இருக்கிறது. ஆக குழந்தையைத் தேடிப் போகும் கால்கள் இருக்கின்றன. போன கைக்கு மருந்து தடவும் பயிற்சியும் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். அது இல்லாவிட்டால் தொலைவழி ஆலோசனை "சொத்தை இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லும் இயந்திரமாகிவிடும். அது அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும்.

விதிகளும் முழுதாகத் தெளிவாக இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டி, மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவான மருத்துவர்களை வரையறுத்து எழுதப்பட்டது. பல் மருத்துவர்களின் பதிவு 1948ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தில் வருகிறது. ஆனாலும் அந்த வழிகாட்டியின் ஒரு விதியை எல்லோரும் கைக்கொள்ளலாம்: சிறுவர்களுக்கான ஆலோசனையில் அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். குழந்தையின் முகம் தெரியும் படம் யாருடைய போனில் தங்குகிறது, எப்போது அழிக்கப்படும் என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

நகரத்துக்குள்ளேயே எட்டாத ஊர்

எட்டாத இடம் என்றால் மலை மட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபூர் ரோட்டிலும் கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள் தகர ஷெட்டுகளில் இருக்கின்றன. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள் அதில் நிறைய. தகர வேலிக்கு வெளியே நடக்கிற தூரத்தில் பல் கிளினிக் இருக்கும். கிளினிக் திறக்கும் நேரமும் வேலை நேரமும் ஒன்று, ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை. சில மாதத்தில் கட்டடம் முடிந்ததும் குடும்பம் வேறு சைட்டுக்குப் போய்விடும். ஆறு மாதம் கழித்து இரண்டாவது தடவை மருந்து தடவ அந்தக் குழந்தையை எங்கே தேடுவது?

இவர்களுக்குத் தொலைவழி முறையின் பெரிய பயன், குறிப்பு குழந்தையோடு கூடவே போவது. முதல் சைட்டில் எடுத்த ஐந்து படங்கள் அடுத்த ஊர் நர்ஸுக்குக் கிடைத்தால், சொத்தை நின்றதா பரவியதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அம்மாவின் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அடுத்த அறிவிப்பு வரும்போது கேட்க வேண்டியவை

எத்தனை ஆயிரம் குழந்தைகளைத் திரையில் பார்த்தார்கள் என்ற எண்ணைத்தான் பெரிதாகப் போடுவார்கள். அதைவிட இவை முக்கியம்:

1. பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு ஊரிலேயே சிகிச்சை முடிந்தது?
2. மேல் சிகிச்சைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள்? பஸ் செலவு யாருடையது?
3. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தார்களா?
4. எத்தனை குழந்தைகளுக்கு வெறும் ஆன்டிபயாடிக் மட்டும் எழுதினார்கள்?

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கையால் எதுவும் செய்ய முடியாதபோது மாத்திரை எழுதுவதுதான் எளிது. பல் நரம்பு வலியை ஆன்டிபயாடிக் குணப்படுத்தாது. வலி தணிந்ததுபோல இருக்கும், சொத்தை அப்படியே இருக்கும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால்தான் அதற்கு வேலை, அப்போதும் பல்லுக்கான சிகிச்சையோடு சேர்ந்துதான்.

ஊரிலிருந்து உங்களுக்குப் படம் வந்தால்

பெங்களூர்த் தமிழர்களில் பலருக்கு ஊரில் அக்கா பிள்ளையோ மாமா பேத்தியோ உண்டு. "பல் வீங்கியிருக்கு, அங்க டாக்டர்கிட்ட காட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் படம் வரும். பல்லைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் எடுத்து, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும். குழந்தையின் எடையையும் கேட்டு வையுங்கள். பாராசிட்டமால் அளவு எடையை வைத்துத்தான். குழந்தைக்கு ஆஸ்பிரின் வேண்டாம், மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் வேண்டாம், ஈறு வெந்துவிடும்.

கன்னமோ தாடைக்கு அடியோ வீங்கிக் காய்ச்சல் இருந்தால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால், கண் மூடும் அளவுக்கு வீக்கம் ஏறினால் படத்துக்கும் பதிலுக்கும் காத்திருக்கக் கூடாது. அன்றே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குக் கிளம்பச் சொல்லுங்கள்.

விழுந்து அடிபட்டுப் பல் முழுசாக வெளியே வந்துவிட்டால் போன் உடனடியாக உதவும். பால் பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. நிலைப்பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில நொடி அலசி, அதே குழியில் வைத்து, துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போய்ச் சேரப் பார்க்க வேண்டும். ஏழு எட்டு வயதில் வாயில் இரண்டு வகைப் பல்லும் கலந்திருக்கும், வீட்டாருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. விழுந்த பல்லைப் படம் எடுத்து அனுப்பினால் எந்தப் பல் டாக்டரும் அளவையும் வேரையும் பார்த்து உடனே சொல்லிவிடுவார். அவர் பதில் வரும்வரை பல் பாலில் கிடக்கட்டும், ஒரு ஆள் வண்டிக்கு ஓடட்டும்.